ஹோரஸ் குத்திக்கொள்ளாத பதக்கம்

ஹோரஸ்: ...ஒருத்தனாவது எழுந்து இடம் குடுக்கணுமே. படகு முழுக்க கடற்படைக்காரனுங்கதான். சீருடை கிடையாது, தொப்பி கிடையாது, தலைமுடி தோள்ல புரளுது. எழுபத்து மூணு வயசுக்காரன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஆடறேன். அவன் காலை நீட்டிக்கிட்டு பேப்பர் படிக்கிறான்.

க்ளெம்: போர்ட்ஸ்மத்லேருந்து காஸ்போர்ட்டுக்கு அஞ்சு நிமிஷம்டா. அதுக்குள்ள எங்கே உக்கார்றது, எங்கே எழுந்திருக்கிறது?

ஹோரஸ்: அஞ்சு நிமிஷமா இருந்தா என்ன, மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா? நாலு வருஷம் முன்னே கப்பல்ல தினம் குடுக்கற ரம்மை நிறுத்தினாங்க பாரு, அன்னிக்கே முடிஞ்சது கடற்படை. மத்தியானம் ஒரு மடக்கு இல்லாம கப்பல் எப்படி ஓடும்?

க்ளெம்: இஞ்சின்லதான்.

ஹோரஸ்: உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு.

கார்மெனா: அண்ணே, கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்க. இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன், எங்க ஊர்ப் பலகாரம், பஸ்தீத்சி. மெதுவா கடிங்க, உள்ளே நெருப்பா இருக்கும்.

ஹோரஸ்: கோட்டு இருக்கட்டும் தங்கச்சி. ஒரு வேலையா வந்தேன். முடிச்சுட்டுப் போயிடுவேன்.

கார்மெனா: எப்ப வந்தாலும் இதைத்தான் சொல்றீங்க. அப்புறம் எட்டு தின்னுட்டுத்தான் எழுந்திருக்கறீங்க.

ஹோரஸ்: உள்ளே என்ன வச்சிருக்கே?

கார்மெனா: பாலாடைக்கட்டி.

ஹோரஸ்: போன தடவையும் அதான் சொன்னே. கடிச்சா பட்டாணி. யாரையும் நம்பறதுக்கில்லை.

க்ளெம்: கார்மெனா, உங்கம்மா கடிதத்தைப் பத்தி இவனுக்குச் சொல்லு. மூஞ்சி கொஞ்சம் தெளியட்டும்.

கார்மெனா: அதை ஏன் கேக்கறீங்க அண்ணே. அம்மாவுக்குத் தொண்ணூத்தி நாலு. மால்டாவுல அதே வீடு, அதே மாடி. எழுத ஆள் வச்சு நாலு பக்கம் எழுதியிருக்காங்க. மூணு பக்கம் பக்கத்து வீட்டு ஜூசாவைத் திட்டுறதுதான்.

ஹோரஸ்: என்ன பண்ணினாளாம்?

கார்மெனா: அம்மாவோட கல்யாண முக்காட்டுல ஒரு லேஸ் இருந்துச்சு. துவைச்சுக் கொடியில போட்டிருந்தாங்களாம், காணோம். ஜூசாதான் எடுத்தாளாம். அன்னிலேருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

ஹோரஸ்: எப்ப நடந்தது?

கார்மெனா: நாப்பது வருஷம் முன்னே.

ஹோரஸ்: நல்ல பொம்பளை. மறக்கக் கூடாது. அப்படித்தான் இருக்கணும்.

க்ளெம்: சரி, உன் வேலை என்ன?

ஹோரஸ்: இந்தா. பிடி.

க்ளெம்: புகையிலை டப்பாவா? நான் அதை விட்டு ஆறு வருஷமாச்சேடா.

ஹோரஸ்: திறந்து பாரு.

க்ளெம்: ...ஏய். இது உன் பதக்கம்.

கார்மெனா: எங்கே, காட்டுங்க. யுத்தத்துல குண்டு விழுந்து வீடு எரிஞ்சப்ப போயிடுச்சுன்னீங்களே அண்ணே?

ஹோரஸ்: சொன்னேன். பொய். வீடு எரிஞ்சது உண்மை. இது அப்ப என் சட்டைப்பையில இருந்துச்சு.

க்ளெம்: முப்பது வருஷமா உன் மக டோரீன்கிட்ட, நம்ம கடலோடிங்க சங்கத்துல இருக்கிறவங்ககிட்ட, எல்லார்கிட்டயும்...

ஹோரஸ்: எல்லார்கிட்டயும்தான். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலமாரியில, பெயின்ட் டின்னுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். போன வாரம் டோரீன் சுத்தம் பண்றேன்னு நுழைஞ்சா. அலமாரியைச் சுத்தம் பண்ணச் சொல்லி யாரு கேட்டா? டப்பாவைத் திறந்துட்டு ஒரே அழுகை. இப்ப ஞாயித்துக்கிழமை சவுத்சீயில பழைய கடலோடிங்க அணிவகுப்பு இருக்குல்ல, அதுல என் பேரைக் குடுத்துட்டா. பேரப்பிள்ளைங்க ஏழு பேரும் வர்றாங்க. இதை நெஞ்சுல குத்திக்கிட்டு நடக்கணுமாம்.

க்ளெம்: நட. அதுக்கு என்ன இப்போ?

ஹோரஸ்: அடுத்தவன் பதக்கத்தைக் குத்திக்கிட்டு எப்படிடா நடக்கறது? இது உன்னுது. நீ குத்திக்கோ. நான் உனக்குப் பின்னாடி வெறும் கோட்டோட வர்றேன்.

க்ளெம்: என்னுதா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விளிம்பைப் பாரு. 'ஹோரஸ் பென்ஃபோல்ட், கடலோடி, பென்ஹாலோ கப்பல்.' சுத்தி வெட்டியிருக்கு.

ஹோரஸ்: விளிம்பை யாரு பார்க்கப் போறா? நெஞ்சுல தொங்கினா அதுல இருக்கிற ராஜா மூஞ்சி மட்டும்தான் தெரியும்.

க்ளெம்: உனக்கு என்ன ஆச்சு? வெயில்ல நின்னியா?

ஹோரஸ்: இங்கிலாந்துல எங்கேடா வெயில்? தங்கச்சி, நீ உக்காரு. இவன் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான். அப்படிப்பட்ட ஆளு. நான் சொல்றேன்.

கார்மெனா: என்னத்தை அண்ணே?

ஹோரஸ்: இந்தப் பதக்கம் எதுக்குக் குடுக்கறாங்க தெரியுமா?

கார்மெனா: பதினஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்தவங்களுக்கு.

க்ளெம்: பதினஞ்சு வருஷம் மாட்டிக்காம இருந்தவனுக்கு. கப்பல்ல அப்படித்தான் சொல்லுவோம்.

ஹோரஸ்: நீ சும்மா இரு. பதினெட்டு வயசு பிறந்த அன்னிக்குத்தான் கணக்கு ஆரம்பம். அதுக்கு முன்னாடி பார்த்த வேலை சேராது. அதனால எனக்கு முப்பத்து மூணாவது பிறந்த நாள் அன்னிக்குப் பதினஞ்சு வருஷம் முடியுது. ஏட்டுல ஒரு கரும்புள்ளி கிடையாது. கப்பல் உங்க ஊர்லதான் நிக்குது, மால்டா துறைமுகத்துல. இதுல ஒரு சங்கடம். கப்பல்ல ஒருத்தனுக்குப் பிறந்த நாள்னா, அவன் கூடச் சாப்பிடற ஆளுங்க எல்லாரும் அன்னிக்கு அவங்கவங்க ரம்மைக் குடுப்பாங்க. ஒருத்தன் ஒரு உறிஞ்சு, ஒருத்தன் ஒரு மடக்கு.

க்ளெம்: பன்னெண்டு பேரு.

ஹோரஸ்: பன்னெண்டு பேரு. வேண்டாம்னு சொன்னா மரியாதையில்லை.

க்ளெம்: நீ யாருக்கும் மரியாதைக் குறைச்சல் பண்ணலை. கிண்ணத்தை நக்கற வரைக்கும் பண்ணலை.

ஹோரஸ்: அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. மத்தியானத்துலேருந்து மறுநாள் விடியற வரைக்கும் இருட்டு. கண்ணைத் திறந்தா கயிறு வைக்கிற அறையில கிடக்கறேன். தலைமுடியெல்லாம் இலை. உள்ளங்கை பூரா கீறல். என்னடான்னு மேலே வந்து பார்க்கறேன்... கொடிமரத்து உச்சியில கல்யாண மாலை.

கார்மெனா: டீ ஊத்தட்டுமா?

ஹோரஸ்: கதையைக் கேளு தங்கச்சி. கப்பல்ல ஒரு வழக்கம். நம்ம ஆளு ஒருத்தனுக்குக் கல்யாணம்னா அன்னிக்கு வளையத்துல பச்சை இலை சுத்தி, நாடா கட்டி, உச்சியில ஏத்துவோம். துறைமுகத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியும், இந்தக் கப்பல்ல ஒருத்தன் மாப்பிள்ளைன்னு. அன்னிக்கு எவனுக்கும் கல்யாணம் இல்லை. கல்யாண ஏட்டுல ஒரு பேர் கிடையாது. ஆனா எங்க கமாண்டர் ஃபேன்ஷா இருந்தாரே, அம்பது வயசு, பிரம்மச்சாரி...

க்ளெம்: சிரிச்சா அபராதம் போடற மனுஷன்.

ஹோரஸ்: அவரை அந்த வாரம் ஒரு விதவைகூடக் குதிரை வண்டியில பார்த்திருக்காங்க. போதாதா? மாலையைப் பார்த்த பக்கத்துக் கப்பல்காரன் அவருக்குத்தான்னு முடிவு பண்ணிட்டான். வாழ்த்துக் கொடி ஏத்தினான். அவனைப் பார்த்து அடுத்தவன். அட்மிரல் வீட்டம்மா ஒரு கேக் அனுப்பிட்டாங்க.

க்ளெம்: மூணு அடுக்கு.

ஹோரஸ்: கேக்கை வாங்கினப்ப அவரு மூஞ்சியை நான் பார்க்கலை. அப்ப நான் கயிறுக்குள்ள கிடந்தேன். மறுநாள் காலையில பார்த்தேன். எல்லாரையும் மேல்தளத்துல நிக்க வச்சாரு. 'மாலை ஏத்தினவன் முன்னாடி வா'ன்னாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. பிறந்த நாளுக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில பன்னெண்டு பேர் முன்னாடி நான்தானே சொன்னேன், 'இந்தாளுக்கு ஒரு நாள் நானே மாலை ஏத்தறேன்'னு. இலை என் தலையில. கீறல் என் கையில. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஒரு ராத்திரி. காலு முன்னாடி போக மாட்டேங்குது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மனசுக்குள்ள எண்ணறேன். மூணுல போயிடணும். மூணு எண்ணறதுக்குள்ள...

கார்மெனா: ம்.

ஹோரஸ்: இவன் போயிட்டான். 'நான்தான் ஏத்தினேன் சார்'னு. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. சட்டைக் கையில தச்சிருந்த நன்னடத்தைப் பட்டையை அங்கேயே பிடுங்கினாங்க. கரையில இறங்கப் பதினாலு நாள் தடை. ஏட்டுல கரும்புள்ளி. இவனுக்கு இன்னும் ரெண்டே வருஷம் இருந்துச்சு பதக்கத்துக்கு. எல்லாம் போச்சு. நான் வாயைத் திறக்கலை தங்கச்சி. நின்னுக்கிட்டே இருந்தேன்.

கார்மெனா: அந்தப் பதினாலு நாளும் எனக்குத்தான் தண்டனை.

ஹோரஸ்: உனக்கு என்ன தண்டனை? அப்ப உனக்கு இவனைத் தெரியவே தெரியாதே. அடுத்த வருஷம் தேர்த் திருவிழாவுலதானே பார்த்தேன்னு சொல்லுவே?

கார்மெனா: ஆமா... இல்ல, கேக்கும்போதே எனக்கு அப்படி இருக்குன்னேன். டீ ஆறுது பாருங்க.

க்ளெம்: ஹோரஸ். இரு. நாப்பது வருஷமா நீ இப்படியா நினைச்சுக்கிட்டிருக்கே? உனக்காக நான் முன்னாடி போனேன்னு?

ஹோரஸ்: வேற எப்படி நினைக்கறது?

க்ளெம்: அந்தக் கப்பல்ல இருந்த வரைக்கும் தினம் உன் ரம்முல பாதியை எனக்குக் குடுத்தே. வயித்துப்புண்ணுன்னு சொன்னியே?

ஹோரஸ்: என் வயித்துக்கு ஒண்ணுமில்லை.

க்ளெம்: வருஷா வருஷம் வந்து என் தோட்டத்தைக் கொத்திக் குடுக்கறே. உனக்குத் தோட்டம்னா ஆசைன்னு நான்...

ஹோரஸ்: எனக்கு மண்ணே பிடிக்காது. அவரைக்கொடியைப் பார்த்தாலே எரிச்சல்.

க்ளெம்: கடவுளே. டேய், நல்லா கேளு. நீ ஏத்தலை. மாலையை ஏத்தினது நான்.

ஹோரஸ்: அன்னிக்கும் இதைத்தான் சொன்னே.

க்ளெம்: அன்னிக்கும் உண்மையைத்தான் சொன்னேன்டா. கயிறு அறையில உக்காந்து நான்தான் கட்டினேன். பாதி கட்டும்போது நீ தள்ளாடிக்கிட்டு வந்து இலைக் குவியல் மேல விழுந்தே. எழுப்பினேன், எழுந்திருக்கலை. உனக்கு அடியிலேருந்து ஒவ்வொரு கிளையா இழுத்துத்தான் மீதியைக் கட்டினேன். கீறல் அதனாலதான். அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குக் கொடிமரத்துல ஏறற நிலைமையிலயா நீ இருந்தே? உன்னால உன் காலணிமேல ஏற முடியலை.

ஹோரஸ்: குடிச்சவன் என்ன வேணாலும் ஏறுவான். சரி, நீ ஏத்தினேன்னே வச்சுக்குவோம். எதுக்கு ஏத்தினே?

க்ளெம்: எதுக்குன்னா...

கார்மெனா: இன்னொண்ணு எடுத்துக்கோங்க அண்ணே. ஆறிட்டா நல்லா இருக்காது.

ஹோரஸ்: இவன் சொல்லட்டும். யாருக்குக் கல்யாணம்னு ஏத்தினே?

க்ளெம்: சும்மா... ஒரு வேடிக்கைக்கு.

ஹோரஸ்: வேடிக்கைக்கு. நீ. கப்பல்ல எல்லாரும் பொம்பளை வேஷம் போட்டுக் கூத்தாடினப்ப ஓரமா உக்காந்து காலுறை தச்சவன் நீ. உன் ஆயுசுல ஒரே ஒரு வேடிக்கை பண்ணினே, அது பதக்கத்துக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போது, அதுவும் கமாண்டர் தலையில. இதை நான் நம்பணும்.

க்ளெம்: மனுஷன்னா ஒரு நாள் தோணாதா?

ஹோரஸ்: உனக்குத் தோணாது. நீ எனக்காகப் போனே, இப்ப அதையும் இல்லேன்னு சொல்லி என்னை ஆத்தப் பார்க்கறே. எனக்குப் படிப்பு கிடையாது. ஆனா ஆளைத் தெரியும். என்கிட்ட சாட்சி இருக்கு.

க்ளெம்: என்ன சாட்சி?

ஹோரஸ்: டப்பாவுல பதக்கத்துக்கு அடியில பாரு. காகிதத்தை எடு. மெதுவா.

க்ளெம்: ...

ஹோரஸ்: மாலையில நாடாவுக்குப் பதிலா இதைத்தான் கட்டியிருந்துச்சு. மிச்சம் என் கையில சுத்தியிருந்துச்சு, முழிச்சப்ப. காலையில கரைக்குப் போய் வந்தேன்ல, எங்கேயோ துணிக்கொடியிலேருந்து உருவியிருப்பேன். குடிக்கிறதுக்கு முன்னாடியே திட்டம் போட்டிருக்கேன் போல. பார்த்தியா தங்கச்சி? லேஸ். உங்க ஊருதான். நடுவுல எட்டு முனை சிலுவை போட்டிருக்கு.

கார்மெனா: ...

ஹோரஸ்: என்ன, ரெண்டு பேரும் லேஸையே வெறிச்சுப் பார்க்கறீங்க?

கார்மெனா: நல்லா இருக்கு. மெல்லிசா...

ஹோரஸ்: இரு. இரு இரு. நாப்பது வருஷம் முன்னே. மால்டா. கொடியில காயப்போட்ட லேஸ். உங்கம்மா வீடு எங்கே? துறைமுகத்தைப் பார்த்த மாதிரிதானே?

கார்மெனா: இருக்கட்டும் அண்ணே, ஊர்ல எத்தனையோ கொடி, எத்தனையோ லேஸ்...

ஹோரஸ்: அடப் பாவமே. நான்தானா? உங்கம்மா முக்காட்டுல கைவச்சவன் நான்தானா? நான் குடிச்ச குடிக்கு ஒரு பொம்பளை நாப்பது வருஷமா திருடிப் பட்டம் சுமக்கறாளா?

க்ளெம்: டேய், அது வேற லேஸ்டா.

ஹோரஸ்: உனக்கு எப்படித் தெரியும்?

க்ளெம்: ஒரு இதுதான்...

ஹோரஸ்: பதினஞ்சு வருஷ நன்னடத்தை. குடிகாரன், கோழை, இப்ப திருடன். இதை நெஞ்சுல குத்திக்கிட்டுப் பேரப்பிள்ளைங்க முன்னாடி நடக்கணுமாம். தங்கச்சி, காகிதம் பேனா எடு. உங்கம்மாவுக்கு நான் சொல்றதை எழுது. 'அம்மா, ஜூசா நல்லவ. எடுத்தவன் நான். ஹோரஸ் பென்ஃபோல்ட்.'

கார்மெனா: வேண்டாம். அண்ணே, வேண்டாம்.

ஹோரஸ்: ஏன் வேண்டாம்?

கார்மெனா: எங்கம்மா உங்களுக்குப் பதில் எழுதுவாங்க. என்னைக்கு எடுத்தே, எங்கே கொண்டு போனே, யாருக்குன்னு கேப்பாங்க. விட மாட்டாங்க. அந்தத் தேதியைப் பிடிச்சுக்கிட்டு... வயசானவங்க அண்ணே. நெஞ்சு தாங்காது.

ஹோரஸ்: மூணு பக்கம் திட்டறவங்க நெஞ்சு எதையும் தாங்கும்.

கார்மெனா: லேஸை என்கிட்ட குடுங்க. துவைச்சு, கஞ்சி போட்டு அம்மாவுக்கு அனுப்பறேன். பெட்டிக்கடியில கிடைச்சதுன்னு எழுதிடறேன். ஜூசாவுக்குப் பட்டம் போயிடும். போதாதா?

ஹோரஸ்: வேற லேஸுன்னு இவன் சொன்னான். நீ அனுப்பறேங்கறே. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கவே மாட்டேங்கறீங்க.

க்ளெம்: ஹோரஸ், போதும். பதக்கத்துக்கு வா. நீ ஏத்தலைன்னேன், நம்பலை.

ஹோரஸ்: நம்பலை.

க்ளெம்: சரி. அப்ப நீதான் ஏத்தினே. உனக்காகத்தான் நான் முன்னாடி போனேன். போதுமா?

ஹோரஸ்: ...இப்ப ஒத்துக்கறியா?

க்ளெம்: ஒத்துக்கறேன். பட்டையைப் பிடுங்கினாங்க. பதினாலு நாள் கரையைப் பார்த்துக்கிட்டே கம்பி பிடிச்சு நின்னேன். எதுக்கு? அது உன் நெஞ்சுல இருக்கணும்னு. நீ அதைப் பெயின்ட் டின்னுக்குப் பின்னாடி போட்டு வச்சிருக்கே. நல்லா இருக்குடா உன் நன்றி.

ஹோரஸ்: அது... நான் அப்படி நினைக்கலையே.

க்ளெம்: நினைச்சிருக்கணும். ஒருத்தன் உனக்குச் சட்டை தச்சுக் குடுத்தா, போட்டுக்காட்டணும். பரணுல போட்டு அழக் கூடாது.

ஹோரஸ்: நீ அப்ப...

க்ளெம்: ஞாயித்துக்கிழமை குத்திக்கோ. நான் நடைபாதையில நின்னு பார்க்கறேன். கார்மெனாவும் வருவா. நீ வெறும் கோட்டோட வந்தா கூட்டத்துல எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஊளையிடுவேன்.

ஹோரஸ்: உனக்கு ஊளையிடத் தெரியாது.

கார்மெனா: எனக்குத் தெரியும் அண்ணே.

ஹோரஸ்: டோரீன் உன்கிட்ட பேசினாளா? அவ சொல்லிக்குடுத்தாளா?

க்ளெம்: யாரும் பேசலைடா. நாடா சுருங்கியிருக்கு, இஸ்திரி போடச் சொல்லு. பதக்கத்தை இடது பக்கம்தான் குத்தணும். மறந்திருப்பே.

ஹோரஸ்: மறக்கலை. தனியா கண்ணாடி முன்னாடி ரெண்டு தடவை வச்சுப் பார்த்திருக்கேன்.

கார்மெனா: எப்போ?

ஹோரஸ்: இவன் கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை. உங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல மாலை ஏத்தினோம்ல, முப்பத்தாறாம் வருஷம். கயித்தை இழுத்தது நான். அன்னிக்குக் குத்திக்கிட்டுக் கோயிலுக்கு வரணும்னு வச்சுப் பார்த்தேன். கழட்டிட்டேன். இவன் நெஞ்சு காலியா நிக்கும்போது எனக்கு எதுக்கு?

க்ளெம்: ...டீயைக் குடி.

ஹோரஸ்: இன்னொரு தடவை என் பொண்டாட்டி செத்தப்ப. அதை விடு. நான் கிளம்பறேன். மூணரைக்குப் படகு.

கார்மெனா: இன்னும் எட்டு தின்னலையே. அஞ்சுதான் ஆச்சு. பொட்டலம் கட்டித் தர்றேன்.

ஹோரஸ்: உள்ளே என்ன?

கார்மெனா: பட்டாணி.

ஹோரஸ்: அப்ப பாலாடைக்கட்டியாத்தான் இருக்கும். குடு.

க்ளெம்: டப்பாவை எடுத்துக்கோ. பதக்கம் உள்ளேதான் இருக்கு.

ஹோரஸ்: திறந்து பார்த்துக்கறேன். ...இருக்கு. க்ளெம்.

க்ளெம்: என்ன?

ஹோரஸ்: முதல்ல 'நான்தான் ஏத்தினேன்'னே. அப்புறம் 'நீதான் ஏத்தினே'ன்னே. ரெண்டுல ஒண்ணு பொய். ரெண்டுமே பொய்யாக்கூட இருக்கும். உன் மூஞ்சி சரியில்லை, தங்கச்சி மூஞ்சி அதைவிட மோசம். ஞாயித்துக்கிழமை குத்திக்கறேன், பிள்ளைங்களுக்காக. நம்பினேன்னு நினைச்சுக்காதே. நான் எதையும் நம்பலை.

க்ளெம்: நம்பாம போ. படிக்கட்டைப் பார்த்து இறங்கு.

ஹோரஸ்: படிக்கட்டை நான் பார்க்கறேன். நீ அந்த அவரைக்குத் தண்ணி ஊத்து. இனிமே நான் கொத்த மாட்டேன்.

க்ளெம்: ...போயிட்டானா?

கார்மெனா: வேலிக்கதவுகிட்ட நிக்கறாரு. டப்பாவைத் திறந்து மறுபடி பார்க்கறாரு. ...இப்ப நடக்கறாரு. தலையை ஆட்டிக்கிட்டே போறாரு.

க்ளெம்: ஜன்னலை விட்டு வா. திரும்பிப் பார்ப்பான்.

கார்மெனா: சொல்லியிருக்கலாம். பாவம், நாப்பது வருஷம்.

க்ளெம்: சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ டீ டீன்னு என் வாயில ஊத்தினே.

கார்மெனா: அவர்கிட்ட சொன்னா சங்கத்துல சொல்லுவாரு. சங்கத்துல பாதிப் பேரு பொண்டாட்டி மால்டாக்காரி. பத்து நாள்ல அம்மா காதுக்குப் போயிடும். ஏற்கெனவே கல்யாணம் ஆன பொண்ணைத்தான் அப்பா கையைப் பிடிச்சு ஊரறியக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு தெரிஞ்சா? அம்மா இருக்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க.

க்ளெம்: உங்கம்மா நம்ம எல்லாரையும் புதைச்சுட்டுத்தான் போவாங்க.

கார்மெனா: பேசாதீங்க. ...இங்கே பாருங்க, இந்த முனையில கிழிஞ்சிருக்கு. அன்னிக்கு அவசரத்துல அம்மா முக்காட்டுலேருந்து பல்லால கடிச்சுத்தான் பிரிச்சேன். வீட்டுக்குத் தெரியாம விடியக்காலத்துல கல்யாணம், இருட்டுக் கோயில், ஒரு வயசான சாமியாரு, மணியடிக்கற கிழவரு. ஒரு பூகூட இல்லை. வாசல்ல நின்னு அழுதேன், யாருமே பார்க்கலையே, இது எப்படிக் கல்யாணம்னு. நீங்க லேஸை வாங்கிச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, 'நாலு மணிக்கு மாடிக்குப் போய்க் கப்பலைப் பாரு'ன்னீங்க. நான் அன்னிக்கு அழாம இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை நீங்களும் ஒரு பதக்கத்தோட நடந்திருப்பீங்க.

க்ளெம்: எனக்கு எதுக்கு? துறைமுகத்துல நின்ன பதினேழு கப்பலும் நமக்கு வாழ்த்துக் கொடி ஏத்துச்சு. கமாண்டருக்குன்னு நினைச்சு ஏத்தினாங்க, அது அவங்க தப்பு. கல்யாணம் நம்மளுது.